பச்சைக் கரை வேட்டியும் ஒரு டைம் கீப்பரும்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷமாக ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு தனியார் பஸ் கண்டக்டர்கள் நேரத் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டால், விலக்கிவிட யாரும் போக மாட்டார்கள். யாராவது ஒருத்தர் டைம் ஆபீஸ் கூண்டுக்குள் தலையை நீட்டி, "சக்கரபாணி அண்ணே, திண்டிவனம் செவப்பு வண்டி எப்ப உள்ள வந்துச்சு?" என்று கேட்பார். கூண்டுக்குள் இருக்கும் ஆள் நோட்டைக்கூடப் புரட்ட மாட்டார்.

"எட்டு பன்னெண்டு. டயரு கேட்டத் தாண்டும்போது பன்னெண்டு, வந்து நிக்கும்போது பதிமூணு."

அவ்வளவுதான். சட்டையைப் பிடித்த கை தானாக இறங்கிவிடும். சக்கரபாணி சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்த டைம் கீப்பர் வேலை அது. பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் எத்தனை பெரிய மனுஷன் சொல்லுக்கு இந்த மரியாதை உண்டு, சொல்லுங்கள் பார்ப்போம்!

அப்படிப்பட்ட மனுஷனை ஒரு உண்ணி சாய்த்துவிட்டது. புலி இல்லை, பாம்பு இல்லை, பிரேக் பிடிக்காத பஸ் இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு உண்ணி.

போன ஐப்பசியில் காணையில் இருக்கிற தன் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது அது அவருடைய அக்குளில் ஏறிக் கடித்திருக்கிறது. ஐந்து நாள் காய்ச்சலை மெடிக்கல் கடை மாத்திரையில் ஓட்டினார். ஆறாம் நாள் மூச்சு ஏறவில்லை. புதுச்சேரி பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல், நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஐசியூவில் இருபத்து மூன்று நாள். அதில் பதினேழு நாள் மூச்சு மிஷின். பாதியில் கழுத்தில் ஓட்டை போட்டு, குழாயை வாயிலிருந்து அங்கே மாற்றினார்கள். அவருடைய சம்சாரம் அம்சா முதல் நாள் உள்ளே போய், குழாய்களைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுந்து அவளுக்கே ஒரு பாட்டில் ஏற்றும்படி ஆனது. "நீ இனிமே வராதம்மா" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பார்வையாளர் பாஸ் அம்சாவின் தம்பி தமிழ்மணியிடம் போய்விட்டது. அவன் வானூர் பக்கம் கட்டட வேலையில் மேஸ்திரி. அம்சா வராந்தாவிலேயே உட்கார்ந்து இருபத்து மூன்று நாளையும் கழித்தாள்.

பிழைத்து வந்துவிட்டார். ஊர் திரண்டு வந்து பார்த்தது, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்தது, "மறுபொறப்புப்பா" என்றது, போய்விட்டது. மறுபிறப்பு என்றால் குழந்தையாகத்தான் பிறக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

சட்டைப் பொத்தான் போட இருபது நிமிஷம் ஆனது. விரலுக்குப் பொத்தான் தெரிந்தது, பொத்தானுக்கு விரல் தெரியவில்லை. கடைசியில் அம்சா சந்தையில் ஒரு டி-சர்ட் வாங்கி மாட்டிவிட்டாள். நெஞ்சில் ஏதோ இங்கிலீஷில் எழுதி, கீழே ஒரு மண்டை ஓடு சிரித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்து நான்கு வயசில் முதல் டி-சர்ட். காபி இரும்புத் துரு மாதிரி கசந்தது. மூன்றாம் மாசம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும், எழுந்தால் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் நிற்கிற டிரைவரை இந்தக் கோடியிலிருந்து அதட்டிய குரல், இப்போது பக்கத்து அறைக்கே போய்ச் சேரவில்லை.

ஞாபகமோ, கேட்கவே வேண்டாம். சமையல் கட்டுக்குள் போய் நிற்பார்.

"இன்னாய்யா வோணும்?" என்பாள் அம்சா.

"அத்தத்தான் நானும் யோசிச்சிக்கினு நிக்கிறேன்" என்பார்.

அம்சாவும் பழைய அம்சாவாக வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்தபடியே பாதி டாக்டர் ஆகிவிட்டிருந்தாள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் நாடித் துடிப்பும் காட்டுகிற சின்ன மிஷின் ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். புருஷன் தும்மினால் விரலில் மாட்டினாள். பால்காரர் மாடி ஏறி மூச்சு வாங்கினால் அவர் விரலிலும் மாட்டினாள். வீட்டில் சண்டை வந்தால் பாதியில் நிறுத்தி, "இரு, கைய நீட்டு" என்று மாட்டிப் பார்த்து, "தொண்ணூத்தாறு இருக்குது, இப்ப கத்து" என்பாள். மகள் கலைமதி திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வாரக் கடைசியில் வந்ததும் முதல் வேலை விரலை நீட்டுவதுதான்.

மாசி மாசம் அரை நாள் வேலைக்குத் திரும்பினார் சக்கரபாணி. பஸ் முதலாளிகள் நல்லவர்கள், கூண்டில் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டு மாறியிருந்தது. புது பஸ்களெல்லாம் ரிவர்ஸ் எடுக்கும்போது 'பீப், பீப்' என்று கத்தின. ஐசியூவில் தலைமாட்டில் கத்திய மிஷினும் அதே சத்தம்தான். முதல் நாளே ஒரு வண்டி பின்னால் வர, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் சோடாவோடு ஓடி வந்தார்கள். அவமானமாக இருந்தது அவருக்கு. சாவைப் பார்த்து வந்த மனுஷன் பஸ் ரிவர்ஸுக்குப் பயப்படுவதா?

அதுகூடப் பரவாயில்லை. பத்தாம் நாள் செவப்பு வண்டிக்கும் நீல வண்டிக்கும் தகராறு வந்தது. பழக்கதோஷத்தில் கூண்டுக்குள் தலையை நீட்டினார்கள். "ஒம்போது நாலு" என்றார் சக்கரபாணி. சேரன் என்ற கண்டக்டர், அவரிடம் வேலை கற்றவன், மெதுவாகத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் செல்லுல வண்டியோட ஜிபிஎஸ்ஸ ஒரு தடவ பாத்துக்கலாமா?"

பார்த்தார்கள். ஒன்பது பதினைந்து. பதினோரு நிமிஷம் தப்பு. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பழைய நாளாக இருந்தால் திட்டியிருப்பார்கள், திருப்பித் திட்டியிருக்கலாம். இப்போது, "உடம்பப் பாத்துக்கண்ணே" என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து யாரும் அவரிடம் மணி கேட்கவில்லை. அந்த 'இருந்தாலும்' அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

இப்போது வேட்டி விஷயத்துக்கு வருவோம்.

ஐசியூவில் நடந்ததாகச் சக்கரபாணிக்கு மூன்று ஞாபகங்கள் இருந்தன. ஒன்று, அவருடைய கட்டில் காலில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது, அது அவருடைய ஃபைலைத் தின்றது. இரண்டு, கட்டிலோடு அவரைக் காணை டவுன் பஸ்ஸில் ஏற்றினார்கள், கண்டக்டர் கட்டிலுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். மூன்று, மச்சான் தமிழ்மணி வந்து, பச்சைக் கரை வேட்டியால் அவர் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினான். எந்தக் கட்சிக் கரையும் இல்லாத அந்தப் பச்சைக் கரை வேட்டி, காய்ச்சலுக்கு முந்தின பொங்கலுக்கு அவரே ஜவுளிக் கடையில் தேடிப் பிடித்து மச்சானுக்கு எடுத்துக் கொடுத்தது. கட்டியவன் நகத்தில் சிமெண்ட் இருந்தது. சக்கரபாணி கெஞ்சினார், சத்தம் வரவில்லை. அவன் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் மூன்றையும் சொன்னார். டாக்டர் சிரிக்காமல் கேட்டார். "ஐசியூல நெறைய பேருக்கு இப்படி வரும். மருந்து, காய்ச்சல், தூக்கம் இல்லாதது எல்லாம் சேர்ந்து நிஜம் மாதிரியே காட்டும். மாசக் கணக்குல மனசுல நிக்கும்" என்றார். அம்சா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "எல்லாம் கனவு" என்று வீடே ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தது.

ஆட்டைச் சக்கரபாணி விட்டுக்கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரியும் ஆட்டை உள்ளே விடாது. பஸ்ஸையும் விட்டுக்கொடுத்தார், ஆனால் அந்தக் கண்டக்டரை நேரில் பார்த்து, "நீ எங்கிட்ட லக்கேஜ் கேட்டியா?" என்று விசாரித்து, அந்த ஆள் ஓட்டம் பிடித்த பிறகுதான். வேட்டியை மட்டும் விடவில்லை.

"அப்பா, உள்ள போறவங்களுக்கு மேல கவுன் மாட்டி உடுவாங்க. வேட்டி எப்பிடிப்பா உங்க கண்ணுக்குத் தெரியும்?" என்று கலைமதி கணக்கு டீச்சராகக் கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"எதுக்கு மாமா உங்களக் கட்டப் போறாரு?"

"அத்த அவனத்தான் கேக்கணும். அந்த வேட்டிய எடுத்துக்கினு வரச் சொல்லு, பாப்போம்."

கேட்டார்கள். தமிழ்மணி போனில், "அது சென்ட்ரிங் வேலையில கிழிஞ்சி போச்சுக்கா" என்றான். பேச்சை மாற்றி, மாமாவுக்குக் கஞ்சி இறங்குதா என்று விசாரித்தான்.

இந்த நேரத்தில்தான் கலைமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். சக்கரபாணி அரைக் குரலில் அறிவித்தார்: "என்னக் கட்டிப் போட்டவன் என் பொண்ணு மணவறைக்கு வரக் கூடாது."

அம்சா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "எந்தம்பி இல்லாம எம்பொண்ணு கல்யாணமா? அப்ப நானும் வரல. நீயும் அந்த ஆடும் போய் நடத்திக்கினு வாங்க."

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சக்கரபாணிக்கு மச்சான் மேல் கோபம் பாதி, பயம் பாதி. இருபத்தாறு வருஷம் கண்ணால் பார்த்ததைச் சொன்ன மனுஷன். இவ்வளவு தெளிவாக, கரையின் நிறத்தோடு, நகத்துச் சிமெண்டோடு பார்த்ததே பொய் என்றால், அவர் மண்டைக்குள் இனி எதை நம்புவது? மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதே நிஜம்தானா என்று ஒரு நாள் பத்திரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"திருவாமாத்தூர் வட்டப்பாறைக்கு வரச் சொல்லு. நான் கட்டலன்னு கையில அடிச்சி சத்தியம் பண்ணட்டும். அத்தோட நான் வுட்டுடறேன்" என்றார்.

திருவாமாத்தூர் கோயிலில் அம்மன் பக்கம் இருக்கிற வட்டப்பாறை என்றால் அந்தப் பக்கத்தில் கோர்ட்டே தோற்றது. நிலத் தகராறு, நகைத் தகராறு எல்லாம் அங்கே வந்து முடியும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேர மாட்டான் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள்கூட அந்தப் பக்கம் விளையாட்டுக்குச் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

"பண்ணுவான் போ. ஆனா நீ மொதல்ல பண்ணணும், கண்ணால பாத்தேன்னு" என்றாள் அம்சா.

சக்கரபாணிக்குத் தொண்டை ஓட்டை இருந்த இடம் சில்லென்றது. ஆனாலும் தலையாட்டிவிட்டார்.

நாள் குறிப்பதற்குள் தமிழ்மணி பேஜாரு பண்ணிவிட்டான். முதல் ஞாயிறு, "இன்னிக்கு கான்கிரீட்டு போடறோங்கா, பாதியில வுட்டுட்டு வர முடியாது" என்றான். அடுத்த வெள்ளி, மறுபடி கான்கிரீட். அதற்கடுத்த திங்கள், மறுபடியும். "இன்னாடி இது, உந்தம்பி வீடு கட்றானா, அணை கட்றானா?" என்றார் சக்கரபாணி. அம்சாவுக்கே லேசாக உறுத்தியது. கடைசியில் அவள் போனில் கத்திய கத்தலில், சித்திரை மாசம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டான்.

அதற்கு நடுவில் இருந்த பத்து நாளும் சக்கரபாணி பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையாக அலைந்தார். சத்தியத்தை ஒரு சீட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். முதல் வரி சொல்லும்போது இரண்டாவது மறந்தது. இரண்டாவது சொல்லும்போது ஆடு வந்து நின்றது. கோயில் படி ஏறுவதற்காக வீட்டு வாசற்படியில் தினம் பத்து முறை ஏறி இறங்கினார். ஏழாவது முறையில் முழங்கால் ஆடும். அம்சா மிஷினோடு கீழே நிற்பாள்.

புதன்கிழமை வந்தது. கைத்தடி பிடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். மேலே சித்திரை வெயில் காய்ந்தது. குடையை விரித்தால் ஊன்ற முடியாது, ஊன்றினால் விரிக்க முடியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து கோயிலுக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். கோயில் வாசலில் ஒரு வேன் பின்னால் வந்து 'பீப், பீப்' என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அம்சாவின் தோளைப் பிடித்தார். சத்தம் நிற்கும்வரை அவளும் நின்றாள்.

தமிழ்மணி முன்னாலேயே வந்திருந்தான். வேட்டி கட்டாமல் பேண்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு தூண் ஓரமாக நின்றான். மாமாவைப் பார்த்ததும் கும்பிட்டான். சக்கரபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க? நிலமா, நகையா?" என்று குருக்கள் கேட்டார்.

"வேட்டி விஷயமா சாமி" என்றாள் அம்சா.

குருக்கள் கற்பூரத்தை ஏற்றினார். அவர் பார்க்காத வழக்கா!

அம்சா முதல் வேலையாகப் புருஷன் விரலில் மிஷினை மாட்டினாள். "தொண்ணூத்தேழு. துடிப்பு மட்டும் நூத்திப் பத்து. பரவால்ல, சொல்லு."

சக்கரபாணி சீட்டை எடுத்தார். எழுத்து ஆடியது. சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பாறையின் மேல் கை வைத்தார்.

"தாயே, நான் டைம் கீப்பரு. பாக்காதத இதுவரைக்கும் சொன்னதில்ல. இந்தக் காய்ச்சலுக்கப்புறம் எது பாத்தது எது பாக்காததுன்னு எனக்கே வெளங்கல. ஒரு ஆட்டப் பாத்தேன், அது இல்லங்கறாங்க. பஸ்ஸப் பாத்தேன், அதுவும் இல்லங்கறாங்க. ஆனா இவன் பச்சக் கர வேட்டியால என் கையக் கட்டினது மட்டும் மனசவிட்டுப் போவ மாட்டேங்குது. நான் பாத்தேன். பொய்யின்னா, அது எனக்கே தெரியாம வர்ற பொய்யி. அதுக்கேத்தாப்புல பாத்து எதனா செய்யி." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, "பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறமாச் செய்யி" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்சா மூக்கை உறிஞ்சினாள். மிஷினைக் கழற்றித் தம்பி விரலில் மாட்டினாள். "ம், கட்டலன்னு அடிச்சிச் சொல்லிட்டு வாடா. ஜல்தி. வெயிலு ஏறுது."

தமிழ்மணி கையைக் கொண்டுபோனான். பாறைக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. மிஷினில் துடிப்பு நூற்றிருபது, நூற்றிருபத்தெட்டு என்று ஏறியது. கையை இழுத்துக்கொண்டான்.

"நான் பண்ண மாட்டேங்கா."

"ஏன்டா?"

"கட்டினது நான்தான்."

அம்சாவின் வாய் திறந்தபடி நின்றது.

"ஐசியூல சேத்த ஆறாவது நாளு மாமா கொழாயப் புடுங்கிட்டாரு. ரெண்டு தடவ. இன்னொரு தடவ புடுங்குனா உசுரு நிக்காது, கட்டிதான் ஆவணும்னாங்க. பேண்டேஜ் துணியால கட்டி வெச்சிருந்தாங்க. அஞ்சு மணிக்கு நான் உள்ள போறேன், மணிக்கட்டுல தோலு உரிஞ்சி ரத்தம். எனக்குத் தாங்கல. கவுனுக்குள்ள கைய வுட்டு என் வேட்டியக் கிழிச்சேன். நல்லா தொவச்ச வேட்டி, மெத்துன்னு இருக்கும். இதால கட்டுங்கன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டேன். அவங்களுக்குக் கையில வேற வேல, நீயே கட்டுன்னாங்க. கட்டினேன்." அவன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "மாமா முழிச்சிக்கினு என்னையே பாத்தாரு. கொழாயோட வாய அசச்சி, அவுத்துடு மச்சான்னாரு. சத்தம் வரல, எனக்குப் புரிஞ்சிது. புரிஞ்சும் கட்டிட்டு வந்துட்டேன்."

"என்னாண்ட ஏன்டா சொல்லல?" என்றாள் அம்சா.

"எப்பிடிச் சொல்றது? வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கனவு கனவுன்னீங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. நான் அதுலயே ஒளிஞ்சிக்கினேன்." துணிப்பையிலிருந்து வேட்டியை எடுத்து விரித்தான். பச்சைக் கரையில் ஒரு முழத்துக்குத் துணியைக் காணவில்லை.

இப்போது சக்கரபாணி மச்சானை அடித்திருக்கலாம். அழுதிருக்கலாம். அவர் செய்தது என்ன தெரியுமா? குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, போன ஆறு மாசத்தில் வராத ஒரு குரலில் கத்தினார்.

"பாத்தியா அம்சா! பச்சக் கர! நான் சொன்னேனா இல்லியா? நகத்துல சிமெண்ட்டு, அதுவும் இருந்துச்சா மச்சான்?"

"இருந்துச்சு மாமா. நேரா சைட்லேர்ந்து வருவேன்."

"சிமெண்ட்டும் இருந்துச்சாம்!" குருக்களைப் பார்த்து, "சாமி, கேட்டீங்களா? சிமெண்ட்டும் இருந்துச்சாம்!" என்றார். குருக்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அம்சா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சக்கரபாணி கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார். "அப்ப அந்த ஆடு?"

"ஆடு இல்ல மாமா."

"பஸ்ஸு?"

"பஸ்ஸும் இல்ல."

"சரி, போவட்டும்." அவருக்கு மூன்றில் ஒன்று போதும். தூணைப் பிடித்து உட்கார்ந்து, பையிலிருந்த டைம் நோட்டை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் யாரும் கேட்காவிட்டாலும் அந்த நோட்டு எப்போதும் அவரோடுதான் இருக்கும். பேனாவைத் திறக்கவே நேரம் பிடித்தது. "எத்தினி மணிக்குக் கட்டின?"

"போனது அஞ்சு மணிக்கு. பத்து நிமிஷந்தான் உடுவாங்க. கட்டும்போது அஞ்சு பத்து."

கோணல் கோணலாக எழுதினார். 'ஆறாம் நாள். 5.10. கட்டியது.' எழுதிவிட்டு நிமிர்ந்தார். "எப்ப அவுத்தாங்க?"

"அவுங்க அவுக்கல மாமா. நான்தான் அவுப்பேன். தெனம் அஞ்சு மணிக்கு உள்ள போனதும் அவுத்துடுவேன். நீங்க கொழாய்க்குப் போவாம ரெண்டு கையையும் புடிச்சிக்கினு உக்காந்திருப்பேன். தேச்சி உடுவேன். அஞ்சு பத்துக்கு மணியடிப்பாங்க, திருப்பிக் கட்டிட்டு வந்துடுவேன். பதினோரு நாளு மாமா. அப்புறம் நீங்க தெளிஞ்சிட்டீங்க, கட்டத் தேவப்படல."

சக்கரபாணி பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். கட்டினது கரையோடு ஞாபகம் இருந்தது, நகத்தோடு ஞாபகம் இருந்தது. தினமும் ஒருத்தன் அவிழ்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு துளிகூட ஞாபகம் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. அந்த இடத்தில் ஆடுதான் நின்றது.

"அது ஏன் மச்சான் எனக்கு ஞாபகம் இல்ல?" என்றார். கேட்கும்போதே கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"தெரியல மாமா."

நோட்டில் ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று எழுதப் பார்த்தார். விரல் ஓய்ந்துவிட்டது. நோட்டை மச்சானிடம் நீட்டினார்.

"நீயே எழுது. வந்த டைமு ஒரு பக்கம், போன டைமு ஒரு பக்கம். பதினோரு நாளும் வரணும். நான் மறந்தாலும் இதுல இருக்கும்."

தமிழ்மணி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். வந்தது ஐந்து, போனது ஐந்து பத்து. வந்தது ஐந்து, போனது ஐந்து பத்து. அம்சா எழுந்து வந்து, "எழுதி முடிச்சிட்டு சீர் வரிசையப் பத்தி எங்கூடப் பேசு, வைகாசிக்கு நாளு இல்ல" என்றாள். அவன் விரலிலிருந்த மிஷினைக் கழற்ற மறந்திருந்தார்கள். அதில் துடிப்பு இப்போது எண்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது.

சக்கரபாணி நோட்டை எட்டிப் பார்த்தார். "எல்லா நாளும் கரெக்டா அஞ்சா? லேட்டே கெடையாதா?"

"ஒரு நாளு மாமா. ஒம்போதாம் நாளு. ரெண்டு நிமிஷம்."

"ஏன்?"

தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான். "கான்கிரீட்டு."

சக்கரபாணி மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நெசமாத்தான் இருக்கும்" என்றார். "அஞ்சு ரெண்டுன்னு போடு."